கொட்டிலுக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்: வாகன வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலும் பட்டறையிலும் கையால் கட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவை இம்முறை.

கேள்வி: அப்பப்பாவின் தென்னந்தோட்டத்தில் மட்டை அடுக்கியிருந்த கொட்டிலைப் பிரித்தபோது உள்ளே ஒரு தாழ்ந்த கார் கிடந்தது. இரண்டு பேர்தான் இருக்கலாம். உடல் முழுக்கப் பைபர். பெயர் எதுவும் பொறிக்கவில்லை. முன்பக்கம் மொத்தமும் ஒரே மூடியாக முன்னோக்கித் திறக்கிறது. பின் சில்லுகள் இரண்டும் மேலே அகன்று, கீழே உள்வாங்கி நிற்கின்றன. மாமா இதை லோட்டஸ் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் என்கிறார். உழவு மெசினால் இழுத்து வெளியே எடுக்கலாமா? (செங்கலடி)

பதில்: இழுக்க வேண்டாம். கழுவவும் வேண்டாம். முதலில் கிடக்கிற கிடையிலேயே நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு கொட்டிலைத் துருவுங்கள். வளை மேலே, மட்டைக்கு அடியில், பழைய பிஸ்கட் தகரத்துக்குள் எல்லாம் பாருங்கள். காரைக் கட்டியவர் வெட்டிய பலகை அச்சு, மிச்சம் வைத்த கண்ணாடி, கதவுப் பூட்டின் இரண்டாவது பாதி போன்றவை பெரும்பாலும் காரிலிருந்து பத்தடிக்குள்தான் கிடக்கும். தொழிற்சாலைக் காரின் பொருள் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். கையால் செய்த காரின் பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்.

அடுத்தது இனம் காண்பது. உடலைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள், அடியில் பாருங்கள். லோட்டஸ் செவன் 1957 இல் வந்தது. அதற்குக் குழாய்களை வெல்ட் பண்ணிய சட்டகமும் அலுமினியத் தகடும். 1962 இல் வந்த லோட்டஸ் ஈலானுக்குப் பைபர் உடல்தான், ஆனால் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங். உங்களுடையதில் பின் டிபரன்ஷலுக்கு (பின் சில்லுகளுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் பெட்டி) மேலே, காருக்குக் குறுக்காக ஒரு பிளேட் ஸ்பிரிங் படுத்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், நீங்கள் சொல்லும் சில்லுச் சரிவோடும் முன்னே திறக்கும் மூடியோடும் சேர்த்து, அது ட்ரையம்ப் ஹெரால்ட் என்ற ஆங்கிலேயக் காரின் செசி (அடிச்சட்டகம்) என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 1959 முதல் 1971 வரை வந்த வாகனம். அக்காலத்தில் பல கார்களின் உடலும் செசியும் ஒன்றாகவே வெல்ட் பண்ணியிருந்தன. ஹெரால்டில் அவை தனித்தனி. போல்ட்டைக் கழற்றினால் உடல் வேறு, ஓடக்கூடிய செசி வேறு. இங்கிலாந்தில் பைபர் உடல் விற்றவர்களும் வீட்டில் கட்டியவர்களும் அதை நாடியது இதனால்தான். இங்கே 1960களில் இறக்குமதி இறுகி 1977 வரை அப்படியே இருந்ததால், கையில் கிடைத்ததைக் கொண்டு கட்டவேண்டிய தேவையும் சேர்ந்துகொண்டது.

உறுதிப்படுத்த ஒரு அளவுகோல் போதும். எதிரெதிரே உள்ள இரண்டு சில்லுப் போல்ட்டுகளின் நடுவுக்கு நடு அளவுங்கள். நாலு போல்ட், 3.75 அங்குலம் என்றால் ஹெரால்ட். நாலு போல்ட், 4 அங்குலம் என்றால் மொரிஸ் மைனர். ஐந்து போல்ட்டும் வட்டம் 205 மில்லிமீற்றருமாக இருந்தால் பழைய வோக்ஸ்வாகன் பீட்டில். எஞ்சின் இலக்கம் புளொக்கின் இடப்பக்கம், ஹெட்டுக்குக் கீழே வெட்டியிருக்கும். ஜீ என்று தொடங்கினால் 948 சிசி, ஜீ.ஏ என்றால் 1147 சிசி, ஜீ.ஈ என்றால் 1296 சிசி. எஃப்.சி அல்லது எஃப்.டி வந்தால் அது ட்ரையம்ப்பின் ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயரின் எஞ்சின், கட்டியவர் தேடிப் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

உழவு மெசின் ஏன் கூடாது? ஹெரால்டில் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் அடிநுனியில் மரை இருக்கிறது. அது ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்ரியறிங் திருப்பும்போது சில்லு அந்த மரையில்தான் திரும்புகிறது. ஒயில் காணாமல் பல வருடம் கிடந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி, மரை முடிகிற மெலிந்த இடத்தைத் துரு தின்றுவிடும். சில்லு மண்ணில் புதைந்திருக்க முன்னே இழுத்தால் தண்டு அந்த இடத்திலேயே முறிந்து சில்லு மடிந்து விழும். செசியின் கீழ் இரண்டு ஜாக் வைத்துத் தூக்கி, சில்லுகளுக்கு அடியில் பலகையோ உருளைச் சில்லு வைத்த தட்டோ கொடுத்து, நாலு பேர் கையால் தள்ளுங்கள்.

கேள்வி: பழைய பைபர் காரின் உடலில் வெடிப்பும் கொப்புளமும் இருக்கின்றன. இங்கே வள்ளம் திருத்துபவர் ஒருவர் ஒரு கிழமையில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? (வாழைச்சேனை)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். பைபர் பாயை ஒட்டி இறுகும் ரெசினைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு நம் கரையோரத்தில் குறைவில்லை. ஆனால் வள்ளத்துக்குச் சரியானது காருக்குச் சரிவராத இடங்கள் உண்டு. அவற்றை வேலை தொடங்க முன் அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

வள்ளத்தின் பலத்துக்காக நெய்த கண்ணாடி இழைப் பாய் போடுவார்கள். அதைக் கார் உடலின் வெளிப்பக்கத்தில் போட்டால், பெயின்ற் அடித்து இரண்டு மாத வெயில் பட்டதும் பாயின் கட்டம் கட்டமான நெசவு மேலே தெரியத் தொடங்கும். காருக்கு நறுக்கிய இழைப் பாய்தான் வேண்டும். சதுர மீற்றருக்கு 450 கிராம் பாய் ஒரு படை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தரும். இந்த உடல்கள் பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் தடிப்பு, ஆகவே மூன்று படை போதும். ஐந்து ஆறு படை போட்டுப் பலப்படுத்தினால் பாரம் ஏறும். அதோடு, தடித்த இடமும் மெல்லிய இடமும் சேரும் ஓரத்தில் புதிய வெடிப்பு வரும்.

வெடிப்பை மூட முன் அது ஏன் வந்தது என்று பாருங்கள். நட்சத்திரம் போல ஒரு புள்ளியிலிருந்து விரிந்தால் அடிபட்டது, அல்லது பின்னாலிருந்து போல்ட் இறுக்கியது. கதவு மூலையிலிருந்து நீண்ட கோடாகப் போனால் அடியில் செசி வளைந்து கொடுக்கிறது. இது செசித் துருவின் அடையாளம், பைபர் பூசித் தீராது. வீங்கி மேலெழும்பிய மேடு என்றால் உள்ளே புதைத்த இரும்புத் துண்டு துருப்பிடித்து வீங்கியிருக்கிறது. அதை வெட்டி எடுத்தே ஆகவேண்டும். எடுத்த இடத்தில் துருப்பிடிக்காத உருக்குத் தகடு வையுங்கள். உடலைச் செசியோடு பிணைக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் குறைந்தது 40 மில்லிமீற்றர் அகல வாஷரும் இடையில் ரப்பரும் கட்டாயம்.

ஒட்டும் முறை இது. உட்பக்கத்தை முதலில் அசெற்றோனால் துடையுங்கள். துடைத்த பிறகுதான் உரஞ்ச வேண்டும். முறை மாறினால் பழைய எண்ணெயையும் மெழுகையும் இழைக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள். 40 ஆம் இலக்க உரஞ்சு தாளால் மினுக்கம் போகத் தேய்த்து, வெடிப்பின் இரு பக்கமும் 35 முதல் 40 மில்லிமீற்றருக்குச் சரிவாக இறக்குங்கள். சின்னத் துண்டு, அதைவிடப் பெரிது, அதைவிடப் பெரிது என்று பாயை அடுக்கி, ஒவ்வொரு படையிலும் காற்றுக் குமிழை உருளையால் அழுத்தி வெளியேற்றுங்கள். பாயின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் சரியான அளவு. ரெசின் கூடினால் பலம் கூடும் என்பது பிழையான எண்ணம். இழையில்லாத ரெசின் கண்ணாடி போல நொறுங்கும்.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் எடைக்கு 1 வீதம், அதாவது ஒரு கிலோ ரெசினுக்கு ஏறத்தாழ 10 மில்லிலீற்றர். குளிர் நாட்டுக் குறிப்புகளைப் பார்த்து 2 வீதம் போட்டால் நம் வெயிலில் கிண்ணத்திலேயே புகைந்து இறுகிவிடும். ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் காலை எட்டரைக்குள் வேலையை முடிப்பது புத்தி. மாரி மழையில் தொடவே வேண்டாம். பாய் ஈரம் குடித்திருந்தால் படைகள் ஒட்டாமல் பிறகு தகடு தகடாகக் கழரும்.

ஒன்றை மிகக் கவனமாகச் சொல்கிறோம். ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் என்ற ஊதா நிறத் திரவமும் ஹார்ட்னரும் ஒருபோதும் நேராகக் கலக்கக் கூடாது, தீப்பற்றி வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வை போகும். கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள். தெறித்தால் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"ஒரு கிழமை" என்ற பேச்சைத்தான் ஏற்க முடியாது. ஒட்டு வேலை ஒரு கிழமையில் முடியலாம். அதன் பிறகு மூன்று கிழமை வெயிலில் கிடக்கட்டும். ரெசின் சுருங்கி முடிய முன் பெயின்ற் அடித்தால் ஒட்டின் எல்லைக்கோடு ஒவ்வொன்றும் தெரியும். பழைய பெயின்ற்றை இரசாயனம் ஊற்றி உரிக்கவும் வேண்டாம், அது ரெசினையும் சேர்த்து இளக்கும். சுரண்டியும் உரஞ்சு தாளும் கையும்தான் வழி.

கேள்வி: எங்கள் ஹெரால்ட் செசிக் கார் 2004 சுனாமித் தண்ணீருக்குள் நின்றது. வெளியே பார்த்தால் செசி மோசமில்லை. பெயின்ற் அடித்துவிட்டால் போதுமா? (கல்லடி)

பதில்: போதாது. ஹெரால்ட் செசியின் தண்டுகள் உள்ளே பொந்தானவை. கடல் தண்ணீர் வடிந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, ஒவ்வொரு மாரிக்கும் ஈரத்தை இழுத்து உள்ளிருந்து தின்னும். ஒரு சின்னச் சுத்தியலால் செசியின் அடிப்பக்கம் நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி போலக் கேட்கும். அரித்த இடத்தில் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். அங்கே கூரான குத்தூசியை வைத்து அழுத்திப் பாருங்கள். பக்கவாட்டில் நீட்டியிருக்கும் கைகளும், டிபரன்ஷல் தாங்கும் இடமும், பின் முனையும் முதலில் போகும்.

ஒவ்வொரு தண்டின் மிகத் தாழ்ந்த இடத்திலும் 10 மில்லிமீற்றர் துளை இட்டு, மேலிருந்து நல்ல தண்ணீரை ஓடவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் குழாய்த் தண்ணீர். அரை மணி நேரம் கழுவி, காயவிட்டு, மறுநாள் திரும்பவும். மூன்று நாலு தடவை தேவைப்படும். அரித்ததை வெட்டி 2 மில்லிமீற்றர் தகட்டால் மிக் வெல்டிங் செய்யுங்கள். துருவின் மேல் துண்டு வைத்து ஒட்டுவது வேண்டவே வேண்டாம். வெட்ட முன் செசிக்குக் குறுக்கே கோண இரும்பு வைத்துக் கட்டி, மூலைக்கு மூலை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். முடித்த பின் இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. கடைசியில் உட்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு ஒயில் விசிறி, துளைகளைத் திறந்தே விடுங்கள்.

வயரிங் முழுவதையும் எறிந்துவிடுங்கள். உப்புத் தண்ணீர் செம்பு இழைக்குள் அடிக்கணக்கில் ஏறியிருக்கும். நுனியை வெட்டிப் புதுப்பிப்பதில் பயனில்லை.

கேள்வி: ஹெரால்ட் எஞ்சின் இறுகிக் கிடக்கிறது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: கூடாது. பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு துளைக்குள்ளும் டீசலும் தானியங்கிக் கியர் ஒயிலும் சரிபாதி கலந்து 30 மில்லிலீற்றர் ஊற்றுங்கள். ஒரு கிழமை விட்டு, முன் புல்லியின் (பெல்ட் ஓடும் சக்கரம்) நட்டில் ஸ்பானர் போட்டு அங்கும் இங்கும் மெதுவாக ஆட்டுங்கள். நெம்பி வளைக்க வேண்டாம், அசையாவிட்டால் இன்னொரு கிழமை. சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை வடித்து, புது ஒயில் விட்டு, பிளக் போடாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஒயில் அழுத்தம் ஏறிய பிறகே பிளக்கை மாட்டுங்கள்.

இந்த எஞ்சினுக்கு ஒரு தனி நோய் உண்டு. ஒருவர் கிளச்சை மிதிக்க, நீங்கள் முன் புல்லியைக் கண் வைத்துப் பாருங்கள். புல்லி முன்னே நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் கிராங்கின் அரைவட்டத் திரஸ்ட் வாஷர்கள் தேய்ந்துவிட்டன. 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் அசைவு சரி. அரை மில்லிமீற்றர் என்றால் வாஷர் கழன்று ஒயில் தட்டுக்குள் விழக் காத்திருக்கிறது. விழுந்தால் கிராங்க் புளொக்கையே உரசித் தின்றுவிடும். எஞ்சினை இறக்காமல், ஒயில் தட்டைக் கழற்றி மாற்றக்கூடிய மலிவான சாமான் அது. ஹெட்டைத் திறக்க நேர்ந்தால், எக்ஸோஸ்ட் வால்வுகளுக்குக் கடின இருக்கை வளையம் போடச் சொல்லுங்கள். ஈயம் இல்லாத இன்றைய பெற்றோலில் பழைய இரும்பு இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கும்.

கேள்வி: எங்கள் ஹெரால்ட் செசிக் காருக்கு ஜப்பான் எஞ்சின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. மாற்றிவிடட்டுமா? (அம்பாறை)

பதில்: கட்டியவரே அப்படிப் போட்டிருந்தால் அதுதான் அந்தக் காரின் எஞ்சின், அப்படியே காப்பாற்றுங்கள். இல்லையென்றால் வேண்டாம். ஹெரால்டின் டிபரன்ஷலும் பிறேக்கும் அந்தப் பலத்துக்குச் செய்தவை அல்ல. எஞ்சினை மாற்றினால் கியர்பொக்ஸ், புரொப்பெல்லர் தண்டு, டிபரன்ஷல், பிறேக் என்று ஒவ்வொன்றாக மாறி, கடைசியில் அவர் கட்டிய கார் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. பதிவிலும் எஞ்சின் இலக்கத்தை மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: எங்கள் பைபர் காரில் பிறேக் மிதித்தால் சிக்னல் லைற் மங்கலாக எரிகிறது. பல்ப், சுவிட்ச், பற்றரி எல்லாம் மாற்றியாயிற்று. (கல்முனை)

பதில்: பைபர் மின்சாரத்தைக் கடத்தாது. தகரக் காரில் லைற்றின் மறுமுனை உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்பும். உங்கள் காரில் ஒவ்வொரு லைற்றுக்கும் தனி ஏர்த் வயர் வேண்டும். அதில் ஒன்று கழன்றால் மின்சாரம் பக்கத்து பல்ப்பின் இழை வழியாகத் திரும்ப வழி தேடும். அதுதான் நீங்கள் காணும் மங்கல். பின் லைற்றுகள் எல்லாவற்றின் ஏர்த்தையும் ஒரே செம்புப் போல்ட்டில் சேர்த்து, அங்கிருந்து 4 சதுர மில்லிமீற்றர் வயர் ஒன்றைச் சுத்தமாக உரஞ்சிய செசி இரும்புக்குக் கொண்டுபோங்கள். பெற்றோல் டாங்கியின் மானிக்கும் தனி ஏர்த் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பழைய ஹெரால்டுகளில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் செசிக்குப் போகும். இடையில் யாரும் மாற்றியிருக்கவும் கூடும். தடித்த வயர் எந்த முனையிலிருந்து செசிக்கு இறங்குகிறது என்று பார்க்காமல் பற்றரி மாட்ட வேண்டாம்.

கேள்வி: ஒரு பழைய ஸ்பெஷல் (வீட்டில் கட்டிய) கார் விலைக்கு வருகிறது. பதிவுப் புத்தகம் ஒன்றும் இல்லை, 'ஸ்ரீ' இலக்கத் தகடு மட்டும் இருக்கிறது. வாங்கலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: தகடு பதிவு ஆகாது. பணம் கொடுக்க முன் அந்த இலக்கம் எந்த வாகனத்துக்கு, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் கட்டிய கார் பெரும்பாலும் அதன் செசி முதலில் எந்தக் காராக வந்ததோ அந்தப் பெயரில்தான் பதிவில் நிற்கும். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஹெரால்ட் என்றால், அதன் செசி இலக்கத் தகடு பழைய உடலில் அறைந்திருந்தது. உடலைக் கழற்றி எறிந்தபோது அதுவும் போயிருக்கலாம். இருந்தால், உரஞ்சவும் பெயின்ற் அடிக்கவும் முன் அதன் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுங்கள். இலக்கத்தைத் திரும்ப வெட்டித் தருவதாக யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள், அது குற்றம். புத்தகமும் இல்லாமல், பதிவில் உள்ளவரின் உறவினரையும் காண முடியாமல் இருந்தால், சாமானின் விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: திருத்தி முடித்த ஹெரால்ட் ஸ்பெஷல், வளைவில் பின்பக்கம் துள்ளுகிறது. ஷொக் அப்சோபர் புதிது. (பொத்துவில்)

பதில்: ஸ்பிரிங்தான் காரணம். தகர உடலின் பாரத்துக்குச் செய்த பிளேட்டின் மேல் இலேசான பைபர் உடல் இருக்கிறது. பின்பக்கம் உயர்ந்து, சில்லுகள் கீழே உள்வாங்கி நிற்கும். வளைவில் பிறேக் பிடித்தால் இன்னும் மடிந்து, கார் சுழன்றுவிடும். அறுகம்பைக் குடாப் பக்கம் வேகமாக ஓட முன் இதைத் திருத்தியே ஆகவேண்டும். இரண்டு பேரை இருக்கச் சொல்லி, சமதரையில் சில்லுக்கு நேரே மட்டப்பலகை நிறுத்திப் பாருங்கள். சில்லின் மேல்பக்கம் ஒன்று இரண்டு பாகை உள்ளே சரிந்திருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் டிபரன்ஷலுக்கும் இடையில் ஓரங்குல அலுமினியக் கட்டியும் அதற்கேற்ற நீளமான ஸ்டட்டும் போடலாம், அல்லது லொறி பிளேட் அடிக்கிற பட்டறையில் வளைவைக் குறைக்கலாம். அதே நாளில் முன் ட்ரன்னியன்களுக்கு ஈபி 90 கியர் ஒயில் ஏற்றுங்கள். கிரீஸ் அல்ல, ஒயில். மேல் சீலால் கசியும்வரை பம்ப் பண்ணுங்கள். 2,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவையும், மாரி முடிந்ததும் ஒரு தடவையும் இதைச் செய்யுங்கள். தண்டைக் கழற்றினால் இடம் வலம் மாற்றிவிடாதீர்கள், இரண்டின் மரையும் எதிரெதிர்த் திசை.

கேள்வி: எந்த நிறம் அடிப்பது? சிவப்புத்தான் அழகு என்கிறார்கள் பிள்ளைகள். (ஏறாவூர்)

பதில்: முதலில் கட்டியவர் என்ன அடித்தார் என்று பாருங்கள். டாஷ்போர்ட்டின் அடியிலோ கதவு ஓரத்திலோ ஒரு ரூபாய்க் குற்றியளவு இடத்தை 600 ஆம் இலக்கத் தாளால் தண்ணீர் விட்டு வட்டமாக உரஞ்சுங்கள். மேல் நிறத்துக்குள் அடுத்த நிறம், அதற்குள் இன்னொன்று என்று மரத்தின் வளையம் போல ஒவ்வொன்றாகத் தெரியும். சாம்பலோ செங்காவியோ வந்தால் அது அடிப்பூச்சு. அதற்கு நேர் மேலே இருக்கிற மெல்லிய வளையம்தான் அவர் தெரிந்தெடுத்த நிறம். அதைத் தண்ணீரால் நனைத்து, பகல் வெளிச்சத்தில் பெயின்ற் கடையின் அட்டையோடு ஒப்பிடுங்கள்.